சேம அச்சும் செம்மண் வழியும்

பழந்தமிழகத்து உப்பு வாணிகராகிய உமணர், மேடும் பள்ளமுமான நெடுவழிகளிற் செல்லுங்கால், வண்டியின் அடிமரத்திலே மற்றுமோர் அச்சினைக் கட்டிச் செல்வர். சேம அச்சு என்பது அதன் பெயர். புறநானூற்றிலே ஒளவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை அதற்கு ஒப்பிட்டுப் பாடியுள்ளார். முப்பது ஆண்டுகளாக அச்செய்யுளைக் கற்பித்துவரும் யான், அதன் பொருளை மெய்யாக உணர்ந்தது என் ஐம்பத்தாறாவது வயதில், வன்னிக் காட்டிடையே ஒரு பழைய லாண்ட் றோவரின் சில்லுகள் சேற்றிற் புதைந்த அன்றேயாம்.

மாங்குளம் - முல்லைத்தீவு வீதியில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டினூடே பிரிந்து செல்லும் வண்டிற் பாதையொன்றின் முடிவிலே ஒரு சிற்றூர் உண்டு. ஆங்கு எண்பது கடந்த அண்ணாவியார் ஒருவர் வாழ்கின்றார். கோவலன் கூத்து முழுவதும் அவருக்கு மனப்பாடம். அவர் வைத்திருந்த கொப்பி 2009 ஆம் ஆண்டு இடப்பெயர்விலே தொலைந்து போயிற்று. ஆதலின் அப்பாடல்களுக்கு உறைவிடம் அவர் நெஞ்சம் ஒன்றே. அவற்றைப் பதிவுசெய்ய விரும்பினேன். என் பழைய மாணாக்கர் ஒருவர் தம் வண்டியுடன் வந்தார்.

லாண்ட் றோவர் 1948 ஆம் ஆண்டு ஆம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் முதன்முதல் உலகின் பார்வைக்கு வைக்கப்பெற்றது. எஞ்சினின் வலுவை நான்கு சில்லுகளுக்கும் செலுத்தவல்லது என்பதே இவ்வகை வண்டிகளின் சிறப்பு. கியர்த் தண்டுக்கு அருகே வேறு தண்டுகளும் இருக்கும். அவற்றால் முன்சில்லுகளை இணைக்கலாம். தாழ்ந்த கியர்த் தொகுதியையும் தெரிந்துகொள்ளலாம். தாழ்ந்த கியரில் வேகம் குறையும், இழுவை மிகும்.

மாணாக்கர் ஆசிரியராகி எனக்குச் சொன்ன முதற்பாடம், தார் வீதியில் முன்சில்லுகளை இணைத்தோட்டலாகாது என்பது. வளைவிலே முன்சில்லும் பின்சில்லும் ஓடும் தூரம் ஒன்றன்று. மண்ணிலே சில்லு சற்று வழுக்கி அவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். தார் வீதி வழுக்க இடங்கொடாது. உள்ளுறுப்புகளே முறுக்குண்டு வருந்தும்.

நாங்கள் முதன்முறை சென்றது கார்த்திகை மாதத்தில். மாரி மழைக் காலத்தில் அவ்வழியைத் தெரிந்தது என் பிழை. ஆவல் மிகுதியால் வண்டியை யானே ஓட்டினேன். ஓரிடத்தில் பின்சில்லு சேற்றில் இறங்கவே, பதற்றத்தால் விசையை மேன்மேலும் மிதித்தேன்.

“ஐயா, காலை எடுங்கோ! மிதிக்க மிதிக்கக் கிடங்குதான் ஆழமாகும்” என்றார் மாணாக்கர்.

சுழலும் சில்லு வண்டியை நகர்த்துவதில்லை. தனக்குத் தானே குழி தோண்டுகின்றது. இறங்கினோம். மண்வெட்டியால் சில்லின் முன்னுள்ள சேற்றை அகற்றி, காய்ந்த கொம்புகளையும் பனை மட்டைகளையும் அடியிற் பரப்பி, ரயரின் காற்றைச் சிறிது குறைத்து, தாழ்ந்த கியரில் மெல்ல ஏற்றினோம். ஒரு மணி நேரத்தின்பின் வண்டி வெளியேறிற்று.

அப்பால் ஓர் ஆற்றுத் துறை. மாணாக்கர் நீண்ட தடியொன்றை ஊன்றி நீரில் இறங்கினார். பத்தடி செல்லுமுன் நீர் தொடையளவு வந்தது, இழுவையும் இருந்தது. திரும்பி வந்து, “நடந்து கடக்க ஏலாத தண்ணியை வண்டியாலும் கடக்கக்கூடாது, ஐயா. திரும்புவம்” என்றார். எனக்குச் சினம் வந்தது. “தம்பி, கிழவருக்கு ஏதும் நேர்ந்தால் யார் பொறுப்பு?” என்று கேட்டேன். அவர் மறுமொழி கூறாது வண்டியைத் திருப்பினார்.

மீண்டும் மாசி மாதத்திலே சென்றோம். இடையே ஓட்டும் முறையை ஒழுங்காகக் கற்றேன். தொடங்குவோர்க்குப் பயன்படுவன சிலவற்றை ஈண்டுத் தருகின்றேன். தார் வீதியில் 30 இறாத்தல் காற்று வேண்டும் ரயருக்கு, மணலில் 20 அளவு போதும். ரயர் தரையிற் படியும் பரப்பு மிகுந்து, புதைதல் குறையும். தார் வீதிக்கு மீண்டதும் பம்பினால் நிரப்பிய பின்னரே விரைதல் வேண்டும். குளக்கட்டுப் போன்ற சரிவுகளில், தாழ்ந்த முதற் கியரிலே, கிளச்சை மிதியாது இறங்குக. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெருவிரலை ஸ்ரியறிங் வளையத்தின் உட்புறம் மடித்துப் பிடிக்கலாகாது. சில்லு கல்லில் மோதின் வளையம் திடீரெனச் சுழன்று விரலை முறிக்கும். இழுவைக் கயிற்றை வண்டியின் அடிச்சட்டத்திற் பூட்டி, இழுக்கும்போது அனைவரும் எட்ட நிற்றல் வேண்டும். யானை நடமாடும் காடாதலின், பொழுது சாயுமுன் வெளியேறுக. எங்கே செல்கின்றோம், எப்போது மீள்வோம் என்பதனை ஒருவரிடம் சொல்லிச் செல்லுக. கூடுமாயின் இரண்டு வண்டிகளாகச் செல்லுக.

இவை எல்லாவற்றினும் தலையாயது ஒன்றுண்டு. வன்னியில் நடைபட்ட தடத்தை விட்டு விலகலாகாது. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 ஆம் ஆண்டு சேர்ந்தது. பல்லாண்டுகளாக மிதிவெடிகள் அகற்றப்பட்டு வந்துள்ளன. ஆயினும், மண்டையோட்டுக் குறியிட்ட செந்நிறப் பலகை நிற்குமிடத்திலே, சேற்றைத் தவிர்க்க எண்ணி ஓரமாக ஒதுங்குவது உயிருக்கே இறுதியாகலாம். அவ்வூர் உழவு இயந்திரக்காரரை வினவி, அவர் காட்டும் தடத்திலேயே செல்லுதல் வேண்டும்.

அம்முறை துறையிலே நீர் கணுக்காலளவே இருந்தது. அண்ணாவியார் திண்ணையில் இருந்தார். மார்கழியிற் கடுங்காய்ச்சல் கண்டு பிழைத்தாராம். மூன்று மணி நேரம் பாடினார். இடையிடையே அடி மறந்தபோது, அருகிருந்த பேர்த்தி மெல்லிய குரலில் எடுத்துக் கொடுத்தாள். ஆயினும் இரண்டு விருத்தங்கள் இருவருக்கும் வரவில்லை. “காய்ச்சலுக்கு முன்னம் இருந்தது, பண்டிதர் ஐயா. இப்ப இல்லை” என்றார் முதியவர்.

கார்த்திகையில் ஆற்றைக் கடந்திருப்பின் அவ்விரண்டும் கிடைத்திருக்கும் என்பது உண்மை. கடக்க முயன்றிருப்பின் ஒன்றுமே கிடையாது போயிருக்கலாம் என்பதும் உண்மையே. திரும்பியது தவறன்று. அந்தக் கொப்பி தொலைந்த பின்னர் பல கோடைகள் கழியும்வரை அவரைத் தேடிச் செல்லாதிருந்ததே தவறு. அதற்கு ஆற்றினைப் பழித்தல் பொருந்தாது.

பத்துப்பாட்டிலே ஐந்து ஆற்றுப்படைகள் உள. அவற்றுள் மலைபடுகடாம், வழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கூறி இரவலரை எச்சரிக்கின்றது. வழியறிந்தவன் அறியாதவனை ஆற்றுப்படுத்துதல் நம் மரபு. அம்மரபு பற்றியே இதனை எழுதினேன். ஆசிரியர்களும் மாணவர்களும் தத்தம் ஊர்ப்புறத்துக் கூத்தரையும் புலவரையும் நாடிச் செல்லுதல் வேண்டும். வண்டி வேண்டுமாயின் நண்பரிடம் கேட்கலாம். ஓட்டும் முறையோ சில நாளிற் படியும். வரும் மாரி தொடங்குமுன் புறப்படுங்கள். பேர்த்தியின் கொப்பியில் இப்போது அப்பாடல்கள் ஏறிவருகின்றன. சேம அச்சு என்று ஒளவையார் தந்தையைச் சொல்லவில்லை, மகனையே சொன்னார் என்பதனை, இனி வகுப்பிலே சற்று நின்று விளக்குவேன்.