படகு டீசல் இன்ஜின்: உங்களுக்குத் தெரியுமா?

டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறியே வேண்டாம்! உள்ளே இழுத்த காற்றை இருபதில் ஒரு பங்காக நசுக்கினால் போதும், சூடு 500 டிகிரியைத் தாண்டிவிடும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள வெறும் 210 டிகிரியே தாராளம்!

டீசலுக்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் ஹாட் பல்ப் இன்ஜின். ஸ்காண்டிநேவிய மீன்பிடிப் படகுகளில் ஒரு காலத்தில் இவர்தான் ராஜா! ஸ்டார்ட் செய்யும் முன் ப்ளோ லாம்ப் வைத்து இவர் தலையைப் பழுக்கச் சுட வேண்டும். அதற்குள் நீங்கள் ஒரு காபியே குடித்து முடிக்கலாம்!

இன்னொரு கூத்து கேளுங்கள். இவர் பின்பக்கமாகவும் சுழல்வார்! ஸ்வீடன் நாட்டு பொலிண்டர் ஹாட் பல்ப் இன்ஜினில் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இதோ நின்றுவிடப் போகிறது என்ற நொடியில் எண்ணெயைச் சற்று முந்திப் பாய்ச்சுவார்கள். இன்ஜின் ஓர் உதை உதைத்து எதிர்த்திசையில் ஓடும். படகு பின்னால் போகும். ரிவர்ஸ் கியரே இல்லாமல்!

கிளாஸ்கோவின் பழைய கெல்வின் டீசல் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகும், பிறகு டீசலுக்கு மாறும்! தீப்பொறி வேண்டாம் என்றேனே, ஆனால் இதற்கு ஸ்பார்க் பிளக் உண்டு!

பம்புசெட் ஆயில் இன்ஜினுக்கு ஹேண்டில் போட்டவரா நீங்கள்? அப்படியானால் பழைய படகையும் கிளப்பிவிடுவீர்கள்! டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கினால் வால்வு திறந்தே நிற்கும், கனத்த ஃப்ளைவீலும் லேசாகச் சுற்றும். வேகம் பிடித்ததும் லீவரைப் பட்டென்று விடுங்கள். டப்... டப்... டப்! ஓட ஆரம்பித்தபின் பேட்டரி செத்தாலும் கவலையில்லை!

இத்தனை பலசாலிக்கு எமன் யார் தெரியுமா? டீசல் பைப்பில் புகுந்த கொஞ்சம் காற்று! ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். முதலில் புஸ்ஸென்று நுரை தள்ளும். பிறகு குமிழி, குமிழியாக. டீசல் தெளிவாக வழியும்போதே, பம்பை அடித்துக்கொண்டே இறுக்குங்கள். கை ஓய்ந்தபின் இறுக்கினால் காற்று மறுபடி உள்ளே!

நாசில் பீய்ச்சும் டீசலுக்கு நேரே விரலை நீட்டாதீர்கள். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அதன் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 100 மடங்குக்கும் மேல்!

உப்புநீர் இன்ஜினைத் தின்னாமலிருக்க உள்ளே துத்தநாகத் துண்டு ஒன்றைப் பலி கொடுக்கிறார்கள். பாதி கரைந்ததும் அடுத்த பலி!

டீசல் டேங்கில் பூஞ்சை வளரும்! அடியில் தேங்கிய தண்ணீரில் குடியிருப்பு, சாப்பாடு டீசல். டேங்கை நிரப்பியே வைத்தால் நீர் கோக்காது.

புகையைப் பார்த்தே நோயைச் சொல்லலாம். கறுப்பு என்றால் பாரம் அதிகம், டீசல் முழுதாக எரியவில்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது, செலவு நிச்சயம்!

1911-இல் தென் துருவத்தைத் தொட்ட அமுண்ட்சென் போன ஃப்ராம் கப்பலில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் வைத்திருந்தார்கள். சக்தி? வெறும் 180 குதிரைகள்!

நிறுத்தினாலும் நிற்காத டீசல் உண்டு! பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டால் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு வெறிபிடித்து ஓடும். டீசலை அடைத்தாலும் கேட்காது. காற்று போகும் வாயைப் பலகையால் அடைத்தால்தான் அடங்கும். கையால் அடைத்துவிடாதீர்கள், உறிஞ்சி இழுத்துவிடும்!