வராதவர் வேலையைப் பார்ப்பதற்கு ஓர் ஆங்கிலத் தொடர்

பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் ஓசூரில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற பெரிய ஆலைகளும் உதிரிபாகம் செய்யும் சிறு தொழிற்கூடங்களும் நிறைந்திருக்கின்றன. ஷிஃப்ட் வேலையில் ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் அவர் இடத்தில் நின்றாக வேண்டும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் கலந்து புழங்கும் எல்லைப் பகுதியில் இதை வாயால் சொல்லிவிடலாம். மின்னஞ்சலில் எழுதும்போது பெரும்பாலும் ஆங்கிலம் வேண்டியிருக்கிறது. அதற்கான தொடர் 'ஃபில் இன் ஃபார்': ஒருவர் வராத காலத்துக்கு மட்டும் அவர் வேலையைப் பார்ப்பது. இதைக் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களுக்கு மனப்பாடப் பட்டியலில் ஒரு வரியாகத் தராமல், ஷிஃப்ட் வேலையோடு சேர்த்தே கற்றுத்தர வேண்டும்.

'ரிப்ளேஸ்' என்ற ஒற்றைச் சொல் போதாதா என்று கேட்கலாம். 'ஐ ஆம் ரிப்ளேசிங் குமார்' என்று எழுதினால், குமார் வேலையை விட்டே போய்விட்டார் என்று படிப்பவர் நினைக்க இடமுண்டு. 'டேக் ஓவர்' என்றாலும் பொறுப்பு கைமாறியதாகவே தோன்றும். இந்த வேறுபாடு அற்பமானதல்ல. 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறு சட்டமே பத்லி தொழிலாளியைத் தனியாக வரையறுத்தது: மஸ்டர் ரோலில் பெயர் உள்ள இன்னொருவருக்குப் பதிலாக வேலை செய்பவர் அவர். ஓராண்டு தொடர்பணியை முடித்துவிட்டால் அவரைப் பத்லியாகக் கருதக்கூடாது என்றும் அது சொன்னது. சட்டம் இவ்வளவு கவனமாகப் பிரித்ததை நம் கடிதம் குழப்பக்கூடாது.

வினையோடு சிறு சொல் சேரும் இத்தகைய ஆங்கிலத் தொடர்கள் தமிழில் இல்லாததால்தான் நம்மவர்களுக்கு வராது என்பது அடுத்த வாதம். அதில் உண்மை உண்டு. ஹீப்ரு பேசும் மாணவர்கள் இவற்றைத் தவிர்த்து ஒற்றைச் சொற்களையே நாடுவதை ஆய்வாளர்கள் டாகுட், லாஃபர் இருவரும் 1985-இல் காட்டினார்கள். ஆனால் இதே அமைப்புள்ள டச்சு மொழியைப் பேசுபவர்களும் பொருள் நேரடியாக விளங்காத தொடர்களைத் தவிர்ப்பதை ஹுல்ஸ்டெய்னும் மார்ச்செனாவும் 1989-இல் கண்டார்கள். ஆகவே பழியைத் தாய்மொழிமேல் மட்டும் போட முடியாது. தமிழிலேயே 'பார்' என்பது 'பார்த்துக்கொள்' ஆகும்போது பொறுப்பு சேர்கிறது. 'பார்த்துவிடு' ஆகும்போது முடிவு சேர்கிறது. பின்னால் வரும் சிறு சொல் பொருளை மாற்றும் என்பது தமிழருக்குப் புதிதல்ல. ஆசிரியர் அங்கிருந்தே தொடங்கலாம்.

அடுத்து, ஜோடியாகக் காட்ட வேண்டும். 'ஃபில் இன் த ஃபார்ம்' என்றால் படிவத்தை நிரப்பு. 'ஃபில் இன் ஃபார் குமார்' என்றால் குமாருக்குப் பதிலாக வேலை பார். 'ஃபார்' என்பதற்குப் பின் வராதவர் பெயர் வரும். எந்த நாள்வரை என்பதையும் சேர்த்து எழுதப் பழக்க வேண்டும். வேலைத் தளத்தில் தமிழே போதுமே என்பவர்கள் சொல்வதும் சரிதான். மெஷின் பக்கத்தில் தமிழ் போதும். ஆனால் மேற்பார்வையாளராக உயர விரும்பும் இளைஞர் எழுதும் ஒரு வரியில், லீவில் இருப்பவரின் இடமும் பதிலாக நிற்பவரின் உழைப்பும் இரண்டுமே தெளிவாகப் பதிவாக வேண்டும். அந்தத் தெளிவைத் தருவது பள்ளி, தொழிற்பயிற்சி ஆசிரியர்களின் கடமை.