அம்புல விரிசல் இருக்கா? எய்யும் முன் ஒரு நிமிஷ செக்!

2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா வில்வித்தையில் 5 தங்கம் வென்றது. நெய்வேலியில் இருந்தபடி நீங்களும் பழக யோசிக்கிறீங்களா? வில்லுக்கு முன்னால் அம்பைக் கவனிங்க. விரிசல் விட்ட அம்பு எய்யும்போதே உடைந்து கையைக் கிழிக்கும்.

எந்தத் தண்டு?

மூங்கில், மரம்: ‘இந்தியன் ரவுண்ட்’ மூங்கில் வில்லுக்குச் சரி. கிராஸ்போ, காம்பவுண்ட் வில்லில் வேண்டவே வேண்டாம்.

அலுமினியம்: வளைந்தால் தெரிந்துவிடும், மேசையில் உருட்டினால் தள்ளாடும். புதியவர்களுக்கு ஏற்றது.

கார்பன்: எடை குறைவு, வேகம் அதிகம். ஆனால் உள்விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

எப்படிச் சோதிப்பது?

கார்பன் அம்பை இரு முனையிலும் பிடித்து, முகத்துக்கு அப்பால் லேசாக வளைங்க. சுற்றிச் சுற்றி நாலு பக்கமும் பாருங்க. ‘டிக்’ சத்தம் கேட்டால் உடைத்துக் குப்பையில் போடுங்க. பசை போட்டு ஒட்டக் கூடாது. நாணில் பொருந்தும் நாக், இறகு இரண்டையும் பாருங்க.

கிராஸ்போவா? தயாரிப்பாளர் சொன்ன எடை, நாக் வகை மட்டுமே. எடை குறைந்த அம்பு வில்லையே உடைக்கலாம்.

கத்திரி வெயிலில் பூட்டிய காரில் அம்புகளை விடாதீங்க. முனையைப் பிடித்திருக்கும் பசை இளகிவிடலாம்.