கெடு முடிந்த சான்றிதழ்

நம் பெங்களூரில் 1948-இல் தொடங்கிய ஐ.டி.ஐ. ஆலையில் தமிழர் பலர் உழைத்துத் தொலைபேசிக் கருவிகளை உருவாக்கினர். அன்று இரும்பும் கம்பியும் செய்த இணைப்பு வேலையை இன்று பெரும்பாலும் மென்பொருள்களே செய்கின்றன. அவை ஒன்றையொன்று நம்பிப் பேச, மின்னணுச் சான்றிதழைக் காட்டுகின்றன. பஸ் பாஸ் போல இதற்கும் கெடு உண்டு.

2018 டிசம்பர் 6 அன்று எரிக்சன் மென்பொருளில் ஒரு சான்றிதழின் கெடு முடிந்தது. ஜப்பானில் சாஃப்ட்பேங்க் கைப்பேசிச் சேவை நான்கு மணி நேரத்துக்கு மேல் முடங்கியது. பிரிட்டனில் ஓ2 வாடிக்கையாளர்களுக்கு இணையம் ஏறக்குறைய ஒரு நாள் இல்லை. லண்டன் பஸ் நிறுத்த அறிவிப்புப் பலகைகளும் பழுதாயின.

பரிகாரம் எளிது: எந்தச் சான்றிதழ் எங்கே உள்ளது, என்று முடிகிறது என்ற பட்டியலும், முன்கூட்டித் தானே புதுப்பிக்கும் ஏற்பாடும் வேண்டும். இத்துறையில் பணியாற்றும் நம் இளைஞர்கள் இதைச் சில்லறை வேலையென்று ஒதுக்கலாகாது.