கட்டத்துக்குள் ஒளிந்த சொல்லைப் பிடிக்கும் வித்தை தெரியுமா?

சதுரம் நிறைய எழுத்துகள், பக்கத்தில் பத்திருபது சொற்களின் பட்டியல். தேடிப்பிடித்து வட்டம் போட வேண்டும். சிறுவர் இதழ்களில் வரும் இந்தச் சொல் தேடல் புதிரை ஏதோ ராஜா காலத்துச் சமாச்சாரம் என்றுதானே நினைத்திருந்தீர்கள்? இல்லவே இல்லை! குறுக்கெழுத்துக்கே இது தம்பி முறை. ஆர்தர் வின் தன் முதல் குறுக்கெழுத்தை நியூயார்க் வோர்ல்டு நாளிதழில் வெளியிட்டது 1913 டிசம்பரில். சொல் தேடல் அமெரிக்காவில் தலைகாட்டியது 1968 மார்ச் 1 அன்றுதான். ஓக்லஹோமா மாநிலத்தில் நார்மன் கிபட் என்பவர் நடத்திய 'செலன்பி டைஜஸ்ட்' என்ற விளம்பர இதழில் அது வந்தது. அவர் பெயர் நார்மன், இதழ் வெளியான ஊரின் பெயரும் நார்மன்! உள்ளூர் ஆசிரியர்களுக்குப் பிடித்துப்போய் வகுப்புக்குப் பிரதிகள் கேட்க, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. ஸ்பெயினில் பேத்ரோ ஒகோன் தே ஓரோ அதற்கு முன்பே இத்தகைய புதிர்களை உருவாக்கிவிட்டார் என்றும் சொல்வார்கள்.

சரி, ஒரு சொல்லைத் தேடுவது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? பதினைந்துக்குப் பதினைந்து கட்டத்தில் இருப்பவை 225 எழுத்துகள். அதில் ஐந்தெழுத்துச் சொல் ஒன்றைக் கிடையாக, நேரும் தலைகீழும் சேர்த்து, 330 விதங்களில் ஒளித்துவைக்கலாம். செங்குத்தாக இன்னொரு 330. குறுக்குச் சாய்வாக 484! ஆக மொத்தம் 1,144 இடங்கள். சாய்வில்தான் இடம் அதிகம். நாமோ அங்கேதான் கடைசியாகப் பார்க்கிறோம்.

அத்தனையையும் படித்துப் பார்க்கவா முடியும்? கண் விடாது! கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு அகலம் தெரிகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு பகுதிதான் ஒரு நேரத்தில் நமக்குத் துல்லியமாகத் தெரியும். மற்றதெல்லாம் மங்கல். அந்தச் சின்ன வெளிச்சத்தைக் கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவி நகர்த்துகிறது. தாவும் கணத்தில் பார்வையே ஏறக்குறைய அணைந்துவிடுகிறது. நமக்கு அது தெரிவதுகூட இல்லை.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. 1960களில் அமெரிக்க உளவியலாளர் உல்ரிக் நைசர் எழுத்து வரிசைகளைக் கொடுத்து ஆங்கில 'இசட்'டைத் தேடச் சொன்னார். ஓ, க்யூ, ஜி போன்ற உருண்டை எழுத்துகளுக்கு நடுவே அது சட்டென்று அகப்பட்டது. டபிள்யூ, எக்ஸ் போன்ற கோண எழுத்துகளுக்கு நடுவே தேடியவர்கள் திணறினார்கள். நாள்தோறும் பழகியவர்களோ பத்து எழுத்துகளை ஒரே நேரத்தில் தேடினாலும் ஒன்றைத் தேடும் அதே வேகத்தில் முடித்தார்கள்! தேவையில்லாத எழுத்துகள் கண்ணிலேயே படவில்லை, எல்லாம் கலங்கலாக ஓடியது என்றார்கள். இந்த ஆட்டத்தில் தேறுவதன் சூட்சுமமே இதுதான்: படிக்காமல் பார்க்கப் பழகுவது.

எதைப் பார்ப்பது? சொல்லின் முதல் எழுத்தை என்கிறார்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொல்லில் எது அரிய எழுத்தோ அதைத்தான் குறிவைக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'க்யூ' இருந்தால் விட்டுவிடாதீர்கள். அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் 'யூ' எங்கே என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தத் திசையில்தான் சொல் ஓடும்.

தமிழ்க் கட்டத்திலோ இலக்கணமே துப்பு கொடுக்கிறது! க், ச், த், ப் நான்கும் தமிழ்ச் சொல்லில் தம் வரிசை எழுத்தை மட்டுமே அடுத்து ஏற்கும். க்-ஐ அடுத்து க, கா, கி, கு... இவற்றில் ஒன்று வந்தே தீர வேண்டும். ஆகவே கட்டத்தில் ஒரு க் கண்ணில் பட்டதும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் பாருங்கள். ஒன்றில் கா இருக்கிறதா? திசை தெரிந்துவிட்டது! எட்டிலும் ககர வரிசையே இல்லையா? அந்த க் வெறும் இட்டுநிரப்பல், தாண்டிப் போங்கள். கத்தரிக்காயில் த்-த, க்-கா என்று இரண்டு பிடிகள்! (சக்தி, பக்தி போன்ற கடன்சொற்கள் மட்டும் இந்த விதிக்கு அடங்காது.)

இன்னும் கேளுங்கள். புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. வல்லின மெய்யில் முடியவும் முடியாது. ண, ழ, ள, ற, ன வரிசைகளும் முதலில் வராது. ஆக, பட்டியலில் உள்ள சொல்லைப் பின்னாலிருந்து ஒருமுறை எழுதிப் பாருங்கள்: யானை, 'னையா' ஆகும், மரம், 'ம்ரம' ஆகும். தமிழில் எங்குமே தொடங்காத இந்தத் தொடக்கங்கள் பழகிய கண்ணுக்கு உடனே உறுத்தும். தலைகீழாக ஒளித்த சொல் மாட்டிக்கொள்ளும். ஙூ, ஞௌ என்று ஏதாவது தென்பட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். 247 எழுத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு வாரிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பட்டியலில் இல்லாத சொற்களும் கட்டத்தில் தாமாகவே முளைக்கும், கவனித்திருக்கிறீர்களா? இப்படித்தான் 1990களில் பைபிளின் எழுத்துகளைக் கட்டம்கட்டி எதிர்காலச் செய்திகள் ஒளிந்திருப்பதாகப் பரபரப்பு கிளப்பினார்கள். ஆஸ்திரேலியக் கணிதவியலாளர் பிரெண்டன் மெக்கே 'மோபி டிக்' என்ற திமிங்கல நாவலை எடுத்து அதே முறையில் தேடினார். அதிலும் தலைவர்களின் படுகொலைகள் வரிசையாகக் கிடைத்தன!

கடைசியாக, தமிழில் இந்தப் புதிரைத் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினிக்கு 'கோ' என்பது ககரமும் துணைக்குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ஆங்கிலத்துக்கு எழுதிய மென்பொருளை அப்படியே ஓட்டினால் ஒரு கட்டத்தில் க தனியாகவும் அடுத்த கட்டத்தில் கொம்பும் காலும் அநாதையாகவும் நிற்கும். அச்சுக்கு அனுப்பும் முன், ஒரு கட்டத்துக்கு ஒரு முழு எழுத்து இருக்கிறதா என்று தயவுசெய்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.