பாட்டு விற்ற இரண்டு கடைக்காரர்கள்

புளி, மிளகாய், பருப்பு விலை நிலவரம் எழுதிப் பழகிய கை இம்முறை இசைத்தட்டு வியாபாரம் பற்றி எழுதுகிறது. காரணம் இருக்கிறது. கடையில் உட்கார்ந்து இசைத்தட்டு விற்ற இரண்டு பேர், சொந்தமாகவே இசைத்தட்டுக் கம்பெனி தொடங்கி, பெரிய கம்பெனிகளுக்கு நடுவே நின்று காட்டினார்கள். ஒருவர் நம் காரைக்குடிக்காரர். மற்றவர் அமெரிக்காவில் ஒரு கறுப்பின இளைஞர். இருவருக்கும் நடுவே ஏறக்குறைய 60 ஆண்டு இடைவெளி. ஆனாலும் இருவரும் சந்தித்த கேள்வி ஒன்றுதான்: சரக்கை விற்பது நாம், சரக்கின் உரிமை யாரிடம்?

காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் ஏ.வி. அண்ட் சன்ஸ் என்ற கடை நடத்தி வந்தார். பல சாமான்களோடு கிராமபோன் தட்டுகளும் அங்கே விற்பனையாயின. அவருடைய மகன் மெய்யப்பன் 1907-ல் பிறந்தவர். இளம் வயதிலேயே கடைக்கு வந்துவிட்டார். பிற்காலத்தில் ஏவி.எம். என்று நாடு முழுவதும் அறியப்பட்டவர் இவரே. படமெடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். தட்டு விற்ற கதை பலருக்குத் தெரியாது.

அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்தது. நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடப் பாட்டு. கீழே விழுந்தால் அப்பளம் போல உடையும். அரக்கு நம் நாட்டிலிருந்து கப்பலேறிப் போகும் சரக்கு. அது பாட்டாகித் திரும்பி வந்து நம்மிடமே விலை பேசும்! சந்தையில் பெரிய கை, நாய் படம் போட்ட ஹெச்.எம்.வி. கம்பெனி. கல்கத்தாவில் டம்டம் என்ற இடத்தில் அதற்குத் தொழிற்சாலை இருந்தது. ஊர்க் கடைக்காரர், கம்பெனி அனுப்பும் தட்டை வாங்கி விற்க வேண்டியதுதான். வாடிக்கையாளர் கேட்கும் பாட்டு வேறு, வந்து இறங்கும் பாட்டு வேறு என்றால் அவர் என்ன செய்ய முடியும்?

மெய்யப்பன் ஒன்று செய்தார். நண்பர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 1932-ல் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஜெர்மனியின் ஓடியன் கம்பெனியோடு தொடர்பு வைத்துக்கொண்டு, இங்கே பாடுகிறவர்களைக் கொண்டு தமிழ்த் தட்டுகளை வெளியிட்டார். பெயரைப் பாருங்கள், ‘ஸ்டோர்ஸ்’. மளிகைக்கடைக்கு வைக்கிற பெயர். கம்பெனி என்று மிடுக்காக வைக்கவில்லை. எந்தப் பாட்டு ஓடும், எது தூங்கும் என்பது தட்டு விற்றவருக்குத் தெரிந்த அளவுக்குத் தட்டு செய்தவருக்குத் தெரியாது. அந்த அறிவையே அவர் முதலாகப் போட்டார் என்பது என் கருத்து.

பிறகு பேசும் படம் வந்தது. தட்டில் சம்பாதித்ததைப் படத்தில் போட்டார். 1935-ல் வந்த ‘அல்லி அர்ஜுனா’ நஷ்டம். அடுத்து ‘ரத்னாவளி’, அதுவும் நஷ்டம். 1938-ல் ‘நந்தகுமார்’ வந்த பிறகுதான் கொஞ்சம் கால் ஊன்றினார். அதற்குப் பிறகுள்ளது சினிமாக் கதை. அதை விட்டுவிடுகிறேன்.

இங்கே ‘மாஸ்டர்’ என்ற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அச்சு வெல்லம் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பாகு எவ்வளவு இருந்தாலும் அச்சு வேண்டும். இசைத்தட்டும் அப்படித்தான். பாடகர் மெழுகில் பாடுவார்; அதிலிருந்து உலோக அச்சு எடுப்பார்கள்; அதை வைத்து ஆயிரக்கணக்கில் தட்டு அடிப்பார்கள். வெல்ல அச்சு தச்சரிடம் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். பாட்டின் மூலப்பதிவு ஒன்றே ஒன்று. அது யார் பீரோவில் இருக்கிறதோ அவர் 20 ஆண்டு கழித்தும் தட்டு அடிக்கலாம். பாட்டை எழுதியவரின் உரிமை இதற்கு அப்பால் தனியாக நிற்கும்.

எழுதியவர் உரிமை எப்படிக் கைமாறும் என்பதற்குப் பாரதியார் பாட்டே சாட்சி. அவர் 1921-ல் காலமானார். அவர் எழுத்துகளின் உரிமை பின்னர் அவருடைய தம்பி (சிற்றன்னை மகன்) சி. விசுவநாதனிடம் வந்தது. அதில் இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமையை மட்டும் தனியே பிரித்து, 1934-ல் ஜெசிங்லால் மேத்தா என்ற வணிகருக்கு 450 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். தமிழில் பேசும் படம் வந்து மூன்றே ஆண்டு ஆகியிருந்த நேரம். அந்த உரிமை பின்னாளில் என்ன விலை போகும் என்று விற்றவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. 1940-களின் நடுவில் மெய்யப்பச் செட்டியார் அதை மேத்தாவிடமிருந்து வாங்கியபோது கொடுத்த விலை 9,500 ரூபாய்! 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் சுதந்திர ஆண்டில் ஊர் ஊராக ஒலித்தன.

அடுத்த ஆண்டே வழக்கு. டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். உரிமை என்னுடையது என்றார் செட்டியார். மகாகவியின் பாட்டு ஒரு தனி மனிதரின் சரக்கா என்று நாடெங்கும் கேள்வி எழுந்தது. எழுத்தாளர்கள் கூடி, பாரதியை விடுதலை செய் என்று இயக்கமே நடத்தினார்கள். 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த அரசு உரிமையை எடுத்துக்கொள்ள முன்வந்தது. செட்டியார் தம் பங்கைப் பணம் வாங்காமலே கொடுத்துவிட்டார். 9,500 ரூபாயைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. விலை கொடுத்து வாங்கியவர் மீது எனக்குக் குறை இல்லை. அந்த 450-தான் மனதை உறுத்துகிறது.

இனி அமெரிக்கா. ஓசூர்ப் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகள் காதில் வைத்துக் கேட்கிற பாட்டில், பாடுவதைவிடத் தாளத்தோடு பேசுவதே அதிகமாக இருக்கும். அதுதான் ஹிப் ஹாப். 1970-களில் நியூயார்க் நகரில் கறுப்பின இளைஞர்களிடம் பிறந்தது. தமிழில் அதைச் சொல்லிசை என்கிறார்கள். மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006-ல் ‘வல்லவன்’ என்று ஒரு தமிழ்த் தொகுப்பே போட்டார்கள். அமெரிக்காவில் இந்த இசையின் பெரிய கம்பெனிகள் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இருந்தன. தென் மாநிலத்துக்காரர்கள் பேச்சு அவர்களுக்குப் பட்டிக்காட்டுப் பேச்சு.

அந்தத் தெற்கில், நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவர் பெர்சி மில்லர். மாஸ்டர் பி என்பது பாடும் பெயர். தாத்தா இறந்ததற்காகக் கிடைத்த நஷ்ட ஈட்டில் இவர் பங்கு 10,000 டாலர். கலிபோர்னியாவில் ரிச்மண்ட் என்ற ஊரில் 1990-ல் அதைப் போட்டு ஓர் இசைக்கடை திறந்தார். ‘நோ லிமிட்’ என்று பெயர். எல்லையில்லை என்று அர்த்தம். வாடிக்கையாளர் எதைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார் என்பதைக் கடையிலிருந்தே பார்த்தார். அதைத் தாமே பாடிப் பதிவு செய்தார். காரின் பின்பெட்டியில் காசெட்டை அடுக்கி ஊர் ஊராகப் போட்டார். நாம் ஆரம்பத்தில் சைக்கிளில் சரக்குப் போட்டது போல.

விற்பனை ஏறியதும் பெரிய கம்பெனிகள் வந்தன. ஒரு கம்பெனி 10 லட்சம் டாலர் நீட்டியதாகவும் தாம் மறுத்ததாகவும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பணத்தை வாங்கினால் மூலப்பதிவும் பெயரும் அவர்களுடையவை ஆகிவிடும். 1996-ல் பிரயாரிட்டி என்ற கம்பெனியோடு வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டார். மூலப்பதிவு நோ லிமிட்டுடையது. வரவில் 100-க்கு 85 பங்கு நோ லிமிட்டுக்கு. ஊர் ஊராகச் சரக்கு சேர்க்கும் வேலைக்கு மீதி அவர்களுக்கு. இப்படித்தான் அத்தொழிலில் பரவலாகச் சொல்கிறார்கள். அதாவது பெரிய கம்பெனியை விநியோகஸ்தராக வைத்துக்கொண்டார்! 1997-ல் ‘கெட்டோ டி’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒவ்வொரு தட்டின் உறைத்தாளிலும் அடுத்து வரப்போகும் தட்டுகளின் விளம்பரம் இருக்கும். எண்ணெய் டின்னில் பருப்பு விளம்பரம் ஒட்டுகிற மாதிரி. நல்ல யோசனை.

வழுக்கியதும் அங்கேதான். 1998-ல் மட்டும் 20-க்கு மேற்பட்ட தொகுப்புகளை இறக்கினார்கள். முத்திரையை நம்பி வாங்கியவன் நாலாவது தடவை ஏமாந்தால் ஐந்தாவது தடவை வருவானா? இசையமைத்த குழுவினர் 1999-ல் விலகிப் போனார்கள். 2003-ல் கம்பெனி திவால் மனு கொடுத்தது.

இதையெல்லாம் படித்தபோது எனக்குப் பழைய கணக்கு ஒன்று ஞாபகம் வந்தது. எட்டு ஆண்டுகள் வெளியூர் வியாபாரி ஒருவருக்குக் கொட்டை எடுத்த புளியை மூட்டையாக அனுப்பி வந்தேன். தரம் பார்த்துப் பிரித்தது நாங்கள். அவர் தம் பெயர் போட்ட பாக்கெட்டில் அடைத்து விற்றார். பணம் தவணை தவறாமல் வந்தது; அதில் குறையில்லை. ஒரு நாள் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதென்று வேறு மண்டிக்குப் போய்விட்டார். நான் அதே ஊர்க் கடைகளுக்குப் போய் என் புளியைக் காட்டினேன். "நல்ல புளிதான் அண்ணாச்சி, ஆனால் எங்கள் ஆட்கள் அந்தப் பாக்கெட்டைத்தான் கேட்கிறார்கள்" என்றார்கள். அந்தப் பாக்கெட்டுக்குள் எட்டு வருஷம் இருந்தது என் புளி என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள்.

இப்போது எங்கள் பெயரிலேயே பாக்கெட் போடுகிறோம். வணிக முத்திரைப் பதிவும் செய்தாயிற்று. விற்பனை பழைய அளவுக்குப் பாதிகூட இன்னும் வரவில்லை.