கல்லீரலைத் தாக்கும் எதிர்ப்பு சக்தி... மருந்தும் காரணமாகலாம்!

கிருமிகளை விரட்ட வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே, சொந்தக் கல்லீரலை எதிரியாக நினைத்துத் தாக்கினால்? அதுதான் ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ். அரிதாகச் சிலருக்கு இதைத் தூண்டிவிடுவது, வேறு பிரச்னைக்காக அவர்கள் சாப்பிடும் மருந்து.

முகப்பருவுக்கான மினோசைக்ளின், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபுரன்டாயின் இரண்டும் இதில் முக்கியமானவை. பெரும்பாலும் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் சாப்பிட்ட பிறகே பாதிப்பு தெரியும். அதனால் மருந்தின் மீது சந்தேகமே வராது.

மூலிகையும் விலக்கல்ல. கொரோனா காலத்தில் பலரும் சீந்தில் கொடிக் கஷாயம் குடித்தார்கள். அப்படிக் கல்லீரல் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அடுத்த ஆண்டே, பல மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்ற 43 பேரின் விவரம் வெளியானது.

தொடர் சோர்வு, பசியின்மை, அடர்நிறச் சிறுநீர், கண்ணில் மஞ்சள்... இவை தெரிந்தால் கீழாநெல்லியைத் தேடி ஓடாமல், டாக்டரைப் பாருங்கள். சாப்பிடும் மாத்திரை, சூரணம், கஷாயம் எதையும் மறைக்காதீர்கள். காரணமான மருந்தை டாக்டர் நிறுத்தியதுமே பலருக்குக் கல்லீரல் தேறத் தொடங்கும். சிலருக்குக் கொஞ்ச காலம் ஸ்டீராய்டு தேவைப்படும்.

கஷாயம்தானே என்று சொல்லாமல் விட்டால், நோய்க்கான காரணம் வீட்டு அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருக்கும்!